விடுமுறை வீடு வாங்குமுன் சரிவையும் உறுதியையும் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு பதிப்பின் காணி விளம்பரப் பக்கத்தில் ‘மலைக்காட்சியுடன் 15 பேர்ச்சஸ்’, ‘பனிமூட்டம் தவழும் விடுமுறை இல்லம்’ என்ற வரிகள் வாராவாரம் வருகின்றன. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உள்ள குடும்பங்கள் ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்கோ பண்டாரவளைக்கோ வந்து, நல்ல வெயிலில் காணியைப் பார்த்து, அன்றைக்கே முற்பணம் கொடுத்துவிட்டுப் போகின்றன. நில அளவை, கட்டடப் பொறியியல், நொத்தாரிசு ஆகிய மூன்று தொழில்களில் இருப்பவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். வாங்கவே வேண்டாம் என்று தடுப்பது எங்கள் நோக்கமல்ல. நிலத்தின் சரிவும், உறுதி எனப்படும் உரிமைப் பத்திரமும் சரியாக இருந்தால்தான் வீட்டைப் பற்றியும் விலையைப் பற்றியும் பேசுவதற்கே இடமுண்டு என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறோம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் என்ன நடந்தது என்பதை உங்கள் வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. அதற்கு முன் 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் மண்ணுக்குள் போனதையும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் காணி பார்க்க வருபவர்கள் மண்சரிவை ஏழைகளின் லயத்துக்கு வரும் ஆபத்தாகவே நினைக்கிறார்கள். கொங்கிறீற்றில் கட்டிய புது வீட்டுக்கு வராது என்ற நம்பிக்கை ஒன்று இருக்கிறது. சரியும் மண்ணுக்கு மேலே நிற்கும் வீடு எவ்வளவு பலமாக இருந்தாலும் மண்ணோடுதான் போகும்.

மலைச்சரிவின் நடுவில் கொஞ்சம் தட்டையாக, பக்கத்தில் ஊற்றுத் தண்ணீரும் உள்ள ஒரு துண்டு நிலம் எல்லோருக்கும் பிடிக்கும். வீடு கட்ட வெட்டு வேலை குறைவு, தண்ணீர்ச் செலவும் இல்லை என்று தரகரும் சொல்வார். அப்படிப்பட்ட இடங்களில் பல, எப்போதோ மேலிருந்து சரிந்து வந்து தங்கிய பழைய மண்சரிவுக் குவியல்கள். கீழே கெட்டிப் பாறையும் மேலே கலவை மண்ணும் உருண்டு வந்த கற்களுமாக இருக்கும். இரண்டுக்கும் இடையில் தண்ணீர் ஓடும். அந்தத் தண்ணீர்தான் ஊற்றாக வெளியே வருகிறது. மேலே பார்த்தால் மலை கிண்ணம் போல உள்வாங்கியிருக்கும். நிலத்தில் பெரிய கற்கள் மண்ணில் பாதி புதைந்து தாறுமாறாகக் கிடக்கும். இந்த இரண்டும் சேர்ந்து தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்தக் காணி வேண்டாம்.

மற்ற அடையாளங்களையும் கண்ணாலேயே பார்க்கலாம். மரங்களின் அடிமரம் சரிவின் பக்கம் வளைந்து பிறகு நிமிர்ந்திருந்தால் மேல்மண் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிறது. வேலிக் கம்பங்கள் கோட்டை விட்டு விலகியிருப்பதும், படிக்கட்டு வீட்டுச் சுவரை விட்டு விரல் நுழையும் அளவு பிரிந்திருப்பதும், பிறை வடிவில் நிலம் வெடித்திருப்பதும் அதே கதைதான். காய்ந்த சரிவில் ஓரிடத்தில் மட்டும் சேம்பும் கோரையும் செழித்திருந்தால் அங்கே தண்ணீர் மேலே வருகிறது. விற்பவர் வெடிப்புகளை மண்ணால் மூடியிருக்கலாம். வளைந்த மரத்தை நிமிர்த்த முடியாது. ஆகவே மரத்தைப் பாருங்கள். கடந்த சில ஆண்டுகளில் பெரிய மரங்கள் வெட்டப்பட்ட சரிவென்றால் இன்னும் கவனம் வேண்டும். வேர்கள் மண்ணுக்குள் உக்கிய பிறகுதான் அவை கொடுத்த பிடி போகும், அதற்குச் சில ஆண்டுகள் ஆகும்.

சரிவை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. 10 அடி நீளமான நேரான பலகை, ஒரு மட்டக்குழாய், ஓர் அளவு நாடா போதும். பலகையின் ஒரு நுனியை நிலத்தில் வைத்துக் கிடையாகப் பிடித்து, பள்ளப் பக்க நுனியிலிருந்து நிலம் எத்தனை அடி கீழே இருக்கிறது என்று பாருங்கள். 10 அடிக்கு 3 அடி இறக்கம் என்றால் ஏறத்தாழ 17 பாகை. சரியான வடிகாலோடு அங்கே கட்டலாம். 6 அடி என்றால் 31 பாகை. அதற்கு மேல் போனால் நாங்கள் யாருக்கும் வாங்கச் சொல்வதில்லை. இடைப்பட்ட சரிவுக்குப் பொறியியலாளர் நேரில் வந்து பார்க்காமல் பதில் சொல்ல முடியாது.

தேயிலை மலையைத் துண்டு போட்ட காணிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தேயிலை மலைகளில் குறுக்கே கான் (வடிகால்) வெட்டி, வருடந்தோறும் மண் அள்ளி, மழைநீரைப் பக்கவாட்டில் ஓடைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கான் வெட்டு என்பது தோட்டத்தில் ஒரு தனி வேலை. அந்த மலையை 15, 20 பேர்ச்சஸாகப் பிரித்து விற்றதும் ஒவ்வொருவரும் எல்லைச் சுவர் எழுப்புகிறார்கள், கான் அறுந்துபோகிறது. மேலே உள்ள நான்கு வீட்டுக் கூரைகளில் விழும் தண்ணீர் எல்லாம் ஐந்தாவது வீட்டின் பின்சுவருக்கு வந்து நிற்கும். ஆகவே உங்கள் துண்டை மட்டும் பார்த்தால் போதாது. மலையின் உச்சி வரை ஏறிப் பாருங்கள், மழை பெய்யும்போதே ஏறிப் பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதைக் காட்ட அந்த ஒரு மணி நேரம் போதும், ஏப்ரல் வெயிலில் பத்து முறை வந்தாலும் அது தெரியாது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலய வரைபடங்களை வைத்திருக்கிறது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் புதிதாகக் கட்டுவதற்கும் வீட்டைப் பெருப்பிப்பதற்கும் பிரதேச சபை அனுமதி கொடுக்குமுன் அந்த நிறுவனத்தின் பரிந்துரை வேண்டும். ஆனால் பலர் காணியை வாங்கி, வரைபடம் கீறி, சபைக்குப் போன பிறகுதான் இந்த அறிக்கையைப் பற்றிக் கேள்விப்படுகிறார்கள். வாங்குமுன்னரே, விற்பவரின் சம்மதத்தோடு நில அளவைப் படத்தைக் கொண்டுபோய் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். ‘இந்தத் திட்டத்துக்கு அறிக்கை எடுத்தாயிற்று’ என்று விற்பவர் ஒரு தாளைக் காட்டினால் அது எந்தத் துண்டுக்கு, எத்தனை மாடிக்கு, எந்த நிபந்தனைகளோடு கொடுக்கப்பட்டது என்று வாசியுங்கள். தடுப்புச் சுவர் கட்டிய பிறகே வீடு என்று நிபந்தனை இருந்தால் அந்தச் சுவரின் செலவும் காணி விலையில் சேர்ந்ததுதான்.

தடுப்புச் சுவர் விழுவதற்குப் பெரும்பாலும் சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீரே காரணம். கருங்கல் சுவர் என்றால் அடிப்பக்க அகலம் உயரத்தில் பாதியளவாவது இருக்க வேண்டும். 10 அடி சுவருக்கு 5 அடி. பின்பக்கம் ஓர் அடி தடிப்புக்கு ஜல்லி, 4 அல்லது 5 அடிக்கு ஒன்றாக 3 அங்குலக் குழாய்த் துளைகள், சுவரின் தலைக்கு மேலே மழைநீரை மறிக்கும் சீமெந்துக் கான். இருக்கும் வீட்டை வாங்குகிறீர்கள் என்றால் துளைகள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்காமல், மழையில் அவற்றில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். வராமல் சுவர் வயிறு தள்ளி நின்றால் பின்னால் தண்ணீர் சிறைப்பட்டிருக்கிறது. கூரைத் தண்ணீரையும் மலசலகூடக் குழித் தண்ணீரையும் சரிவின் மேற்பக்கத்தில் உறிஞ்சு குழிக்கு விடுவது இன்னொரு தவறு. சமதரையில் நல்லது என்று சொல்லப்படும் முறை, மலையில் மண்ணை ஊறவைத்து இளக்கிவிடும். கூரைத் தண்ணீர் சீமெந்துக் கான் வழியே ஓடைக்குப் போக வேண்டும்.

இனி உறுதி. மலைநாட்டில் காணி பல வகைப்படும், விளம்பரத்தில் அவை எல்லாம் ‘தெளிவான உறுதி’ என்றே வரும். தனியார் உறுதிக் காணி ஒன்று. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் (1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கம்) அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியும் அளிப்புக் காணியும் இன்னொன்று. பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் இவற்றை விற்க முடியாது. சத்தியக்கடதாசி எழுதி, அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம்) கொடுத்து, ‘பிறகு மாற்றித் தருகிறோம்’ என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தாள்களால் காணி உங்களுக்கு வராது. தோட்டக் காணி மூன்றாவது வகை. பெருந்தோட்டக் கம்பனிகள் அதைக் குத்தகைக்கு வைத்திருக்கின்றன, விற்கும் உரிமை அவற்றுக்கு இல்லை. லயத்து வீட்டையும் சுற்றியுள்ள தோட்டத்தையும் ‘கைமாற்றுக்கு’ வாங்கலாம் என்று யாராவது சொன்னால் உடனே விலகுங்கள். உங்கள் பணமும் போகும், 200 வருடமாக உறுதி இல்லாமல் இருக்கும் ஒரு குடும்பத்தின் கூரையும் போகும்.

தனியார் உறுதி என்றாலும் அதன் வேரைத் தேட வேண்டும். வழக்கமாக நொத்தாரிசுமார் 30 ஆண்டுப் பதிவுகளைத் தேடுவார்கள். மலைநாட்டில் அது போதாது என்பது எங்கள் உறுதியான கருத்து. 1972ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவருக்கு 50 ஏக்கர் என்று உச்சவரம்பு வைத்து, மிகுதியைக் காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவிடம் கொடுத்தது. ஒரு காலத்தில் பெரிய தோட்டமாக இருந்து துண்டான காணிக்கு, 1972இல் அது யார் கையில், எத்தனை ஏக்கரில் இருந்தது என்று தெரிய வேண்டும். ஆணைக்குழுவுக்கு உரித்தாகவில்லை என்ற சான்றிதழைக் கேளுங்கள். தேயிலைக் காணியைத் துண்டாடுவதற்கு 1958ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின் கட்டுப்பாடும் உண்டு. திட்டத்துக்கு அந்த அனுமதி இருந்ததா என்றும் பாருங்கள். இவற்றோடு காணிப் பதிவகத்தின் பதிவேட்டுப் பிரதி, பிரதேச சபையிலிருந்து வீதிக்கு விட வேண்டிய எல்லையைக் காட்டும் வீதிக்கோட்டுச் சான்றிதழும் சோலைவரி நிலுவை இல்லை என்ற கடிதமும், கட்டிய வீடு என்றால் அங்கீகரித்த வரைபடமும் அதன்படியே கட்டப்பட்டது என்ற இணக்கச் சான்றிதழும் வேண்டும். கடைசி இரண்டும் இல்லாத வீடுகள் மலையில் நிறைய உண்டு. பின்னர் வங்கிக் கடன் கேட்கும்போதும் விற்கும்போதும்தான் அதன் வலி தெரியும்.

நில அளவைப் படம் பழையது என்றால் புதிதாக அளக்க வையுங்கள். ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ், பேர்ச்சஸுக்கு 272.25 சதுர அடி என்பது எல்லோருக்கும் தெரியும். படத்தில் உள்ள பரப்பு கிடைமட்ட அளவு என்பது பலருக்குத் தெரியாது. சரிவான நிலத்தில் நடந்து பார்க்கும்போது காணி பெரிதாகத் தெரியும், படத்தில் சிறுத்துவிடும். அதில் வீதிக்கோட்டுக்கும் ஓடை ஒதுக்கத்துக்கும் வெட்டுச் சரிவின் அடியிலிருந்து விட வேண்டிய இடத்துக்கும் கழித்தால், 15 பேர்ச்சஸில் வீடு வைக்கத் தகுந்தது 5 பேர்ச்சஸ்கூட மிஞ்சாத காணிகள் இருக்கின்றன. எல்லைக் கற்களை அளவையாளருடன் நின்று, பக்கத்துக் காணிக்காரரையும் கூப்பிட்டுப் பாருங்கள்.

வழியும் தண்ணீரும் உறுதியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். தோட்டத்து ரோட்டில்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் அந்த ரோடு தோட்டத்துடையது. இன்றைய துரை (தோட்ட முகாமையாளர்) விடுவார், நாளை வருபவர் கேற் போடலாம். தண்ணீர் வேறொருவரின் காணியில் உள்ள ஊற்றுப் பீலியிலிருந்து குழாயில் வருகிறது என்றால், குழாய் போகும் வழிக்கும் எடுக்கும் அளவுக்கும் எழுத்து வேண்டும். ஊற்றின் அளவை நீங்களே எடுக்கலாம்: 20 லீற்றர் வாளி 4 நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 300 லீற்றர், நாளுக்கு 7200. ஆறு பேருக்கு ஆளுக்கு 150 லீற்றர் என்று வைத்தால் 900 லீற்றர் போதும், 2000 லீற்றர் தாங்கி இரண்டு நாளைத் தாங்கும். ஆனால் அளக்க வேண்டியது வறண்ட மாதத்தில். பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் என்றால் ஓகஸ்ட், செப்டெம்பரில். ஹட்டன், நுவரெலியாப் பக்கம் என்றால் பெப்ரவரி, மார்ச்சில். பண்டாரவளைச் சுற்றுப்புறத்தில் வாங்குபவர்கள் உமாஓயா நீர்த்திட்டச் சுரங்கத்துக்குள் தண்ணீர் கசிந்தபோது வற்றிய கிணறுகளையும் வெடித்த வீடுகளையும் பற்றி அக்கம்பக்கத்தில் கட்டாயம் விசாரிக்க வேண்டும். மலசலகூடக் குழி நிரம்பினால் பவுசர் லொறி வந்து உறிஞ்ச வேண்டும். பவுசர் வர முடியாத படிக்கட்டு வழி வீட்டுக்கு அதையும் இப்போதே யோசியுங்கள்.

முற்பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெற்றுத் தாளில் முத்திரை ஒட்டி எழுதிய பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு காணியை எழுதித் தரும்படி யாரையும் வற்புறுத்த முடியாது. காணி விற்பனை உடன்படிக்கையும் நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டு முதல் இருக்கும் சட்டம். அந்த உடன்படிக்கையில், மண்சரிவு அறிக்கை பாதகமாக வந்தாலோ உரித்தில் குறை தெரிந்தாலோ முற்பணம் இத்தனை நாளுக்குள் திரும்ப வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். இதற்கு இணங்காத விற்பனையாளரிடம் வாங்குவதற்கு ஒன்றுமில்லை. உறுதி எழுதியதும் தாமதிக்காமல் பதியுங்கள். ஒரே காணிக்கு இரண்டு உறுதி வந்தால் முதலில் பதிந்தவர் பக்கம்தான் சட்டம் சாயும்.

இருக்கும் வீட்டை வாங்குவதா, காணி வாங்கிக் கட்டுவதா என்று கேட்டால், பழைய வீட்டையே நாங்கள் சொல்வோம். 2025 நவம்பர் மழையை ஒரு வெடிப்பும் இல்லாமல் தாண்டிய 30 வயது வீடு, எந்த அறிக்கையும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறது. ஆனால் புதுப் பூச்சின் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். யன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு, வீட்டின் ஒரு பாதி வெட்டிய மண்ணிலும் மறுபாதி நிரப்பிய மண்ணிலும் நிற்பதைக் காட்டும். நிரப்பிய பக்கம் இறங்கிக்கொண்டிருக்கும். வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சீமெந்தால் ஒட்டித் திகதி எழுதுங்கள். ஒரு மழைக்காலம் கழிந்து கண்ணாடி உடைந்திருந்தால் வீடு நகர்கிறது, முழுதாக இருந்தால் பழைய வெடிப்பு. அவசரமில்லாத விற்பனையாளர் இதற்குச் சம்மதிப்பார்.

பூஞ்சணம் மலை வீட்டின் தீராத வியாதி. மூன்று வாரம் பூட்டிக் கிடந்தாலே மெத்தையிலும் தோல் செருப்பிலும் பச்சை பூத்துவிடும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய கல் சுவருக்கு மேலே சீமெந்து பூசியிருந்தால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே நிற்கும். அதைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பே பூச வேண்டும், மேலே மேலே வண்ணம் அடித்துப் பயனில்லை. தகரக் கூரைக்குக் கீழே காப்புத் தாள் இல்லாவிட்டால் விடியற்காலையில் மழையே இல்லாமல் சீலிங்கில் சொட்டும். ஒழுக்கு என்று நினைத்து ஆணிகளை மாற்றிக்கொண்டிருப்பார்கள். மின்சாரத்தில் பார்க்க வேண்டியது இரண்டு: 30 மில்லி அம்பியர் கசிவுக்கு விழும் பாதுகாப்பு ஆளி இருக்கிறதா, நிலத்தொடுப்பு சரியா. 30 அம்பியர் இணைப்பு 7 கிலோவாற்றைக்கூட முழுதாகத் தாங்காது. 4.5 கிலோவாற் சுடுநீர் ஷவர் இரண்டை ஒரே நேரத்தில் போட்டால் ஆளி விழுவதில் வியப்பில்லை. குளிருக்குக் கரிச்சட்டியை மூடிய அறைக்குள் வைத்துப் படுப்பது உயிரைக் குடிக்கும் பழக்கம். அதன் வாயுவுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். சிம்னி உள்ள வீட்டை வாங்கினால் புகைபோக்கியைத் துப்புரவு செய்யாமல் முதல் நெருப்பை மூட்டாதீர்கள்.

எந்தப் பக்கம் வாங்குவது என்பது எப்போது வருவீர்கள் என்பதைப் பொறுத்தது. பாடசாலை விடுமுறை ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர். ஓகஸ்டில் ஹட்டன், கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நனைந்துகொண்டிருக்கும். வட்டவளையில் வருட மழை 5000 மில்லிமீற்றரைத் தாண்டும், பண்டாரவளையில் அதில் பாதிகூட இல்லை. அதே டிசம்பரில் பதுளை, பசறை, மடுல்சீமைப் பக்கம் வடகீழ்ப் பருவமழை. ஓகஸ்ட் விடுமுறைதான் உங்களுக்கு முக்கியம் என்றால் ஊவா, தியத்தலாவை, அப்புத்தளைப் பக்கம் பாருங்கள். அப்புத்தளை விளிம்பில் காற்று கூரையைப் பிடுங்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கணக்குக்கு வருவோம். எடுத்துக்காட்டாக இரண்டரைக் கோடி ரூபாய் வீடு. முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம். ஆக 9 இலட்சத்து 99 ஆயிரம். நொத்தாரிசு, அளவை, தேடுதல், பொறியியலாளர் என்று இன்னும் 4 இலட்சம் வையுங்கள். 2 கோடி 64 இலட்சத்தை 8 சதவீத நிலையான வைப்பில் போட்டால் வருடம் 21 இலட்சம் வரும், அதை இழக்கிறீர்கள். பராமரிப்பாளருக்கு மாதம் 40,000 என்றால் 4 இலட்சத்து 80 ஆயிரம். மின்சாரம், வரி, தண்ணீர், எரிவாயு 1 இலட்சத்து 20 ஆயிரம். ஈரமும் காற்றும் தின்னும் கட்டடத்துக்குப் பழுதுபார்ப்பு 3 இலட்சத்து 60 ஆயிரம். எல்லாமாக வருடம் சுமார் 30 இலட்சத்து 60 ஆயிரம். இரவுக்கு 45,000 ரூபாய்க்கு முழு பங்களா வாடகைக்கு எடுத்தால் 68 இரவுக்கு அந்தப் பணம் காணும். காணி விலை ஏறும் என்பீர்கள். காணியின் பங்கு 1 கோடி 30 இலட்சம் என்று வைத்து, வருடம் 6 சதவீதம் ஏறும் என்றே கொள்வோம். அப்போதும் 50 இரவுக்கு மேல் தங்கினால்தான் வாங்கியது இலாபம். உங்கள் எண்களை இட்டு நீங்களே போட்டுப் பாருங்கள். வேலைக்குப் போகும் பெற்றோரும் சாதாரண தரம், உயர்தரம் எழுதும் பிள்ளைகளும் உள்ள வீட்டில் வருடம் 20 இரவு கிடைத்தாலே பெரிது. ஓய்வு பெற்றவர்கள் மாதக்கணக்கில் வந்து இருப்பார்கள் என்றால் கணக்கே வேறு, அவர்களுக்கு நாங்கள் தயங்காமல் வாங்கச் சொல்வோம், ஆஸ்பத்திரி அரை மணி நேரத்துக்குள் இருந்தால்.

மிகுதி நாட்களுக்கு வாடகைக்கு விட்டுச் சமாளிக்கலாம் என்றால், சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவும் பிரதேச சபை அனுமதிப்பத்திரமும் வேண்டும். சீசன் நாட்களில்தான் வாடகைக்குக் கேள்வி, அதே நாட்களில்தான் உங்களுக்கும் வீடு தேவை. பிறகு விற்கும்போது மூலதன ஆதாய வரியும் வரும். வசிக்கும் வீட்டுக்கு உள்ள விலக்கு விடுமுறை வீட்டுக்குக் கிடையாது.

அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோரும் காசு போட்டு எல்லோர் பெயரிலும் எழுதுவது அன்பான எண்ணம். ஆனால் பிரிக்கப்படாத பங்குடைய எவரும் எப்போது வேண்டுமானாலும் பிரிவினை வழக்குப் போடலாம். 15 பேர்ச்சஸ் வீட்டைப் பிரிக்க முடியாது, ஏலம்தான். ஒருவர் வாங்கி மற்றவர்கள் வரும்போது செலவில் பங்கு கொடுப்பதே உறவைக் காப்பாற்றும். வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவர்களுக்கு 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் குறுக்கே நிற்கிறது. இரட்டைக் குடியுரிமை இல்லாமல் அவர்கள் பெயரில் எழுதும் காணி மாற்றம் செல்லாது. இங்குள்ள தங்கையின் பெயரில் எழுதிவிட்டு வாய்ப்பேச்சை நம்பியிருப்பது இருவருக்குமே தீங்கு, பணம் யாருடையது என்பதை எழுத்தில் வையுங்கள்.

பராமரிப்பாளர் பெரும்பாலும் பக்கத்துத் தோட்டத்தைச் சேர்ந்தவராக இருப்பார். அவரோடு தமிழில் எழுதிய ஒப்பந்தம் வேண்டும்: சம்பளம், விடுமுறை, உரிமையாளரின் அனுமதியில் அங்கே இருக்கிறார் என்ற வரி. பத்து வருடம் எதிரிடையாக ஆட்சி செய்தால் உரிமை கோரலாம் என்ற சட்டம் இருப்பதால் இந்தத் தாள் உங்களைக் காக்கும். சொன்ன சம்பளத்தை வங்கியில் போடுவதும், களஞ்சிய அறையை அல்லாமல் யன்னலுள்ள நல்ல அறையைக் கொடுப்பதும் அவரைக் காக்கும். நேரான பக்கமுள்ள தகரப் பேணி ஒன்றையும் அளவுகோலையும் அவரிடம் கொடுத்து மழையை அளக்கச் சொல்லுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் புறப்படத் தயார், 150 தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 தாண்டினால், வெளியேற்றம். வீட்டில் பொருள் இருக்கிறதே என்று அவர் காத்துநிற்கக் கூடாது. உங்களைக் கேட்காமலே போய்விடலாம் என்று முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள். இதை ஒப்பந்தத்திலும் எழுதலாம்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு கோரிக்கை. மலைநாட்டுக் காணி, வீட்டு விளம்பரம் எதையும் மூன்று விபரங்கள் இல்லாமல் ஏற்க வேண்டாம் என்று உங்கள் விளம்பரப் பகுதிக்குச் சொல்லுங்கள்: நில அளவைப் படத்தின் இலக்கமும் திகதியும், காணி தனியார் உறுதியா, அளிப்பா, அனுமதிப்பத்திரமா என்பது, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இலக்கம், இல்லையென்றால் ‘அறிக்கை பெறப்படவில்லை’ என்ற இரண்டு சொல். ஒரு விளம்பரத்துக்கு இரண்டு வரிதான் கூடும். அந்த இரண்டு வரிக்குக் கட்டணம் வாங்காமல் விட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
நில அளவையாளர், கட்டடப் பொறியியலாளர், நொத்தாரிசு ஆகிய மூவர்
பண்டாரவளை